பதினான்காம் எண்ணின் நிமிடங்கள்

கணினிக் கூடத்தில் இருபது திரைகள் இருந்தன. அவற்றில் பதினேழு வேலை செய்தன. அவள் எப்போதும் சுவரோரத் திரையைத்தான் பிடிப்பாள். அங்கே உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அன்றைக்கு அந்த இடம் கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

திரையில் வந்த படம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத படம்தான். ஒரு ஆய்வு நிறுவனம் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பில் முப்பத்தொன்றாவது கேள்வி, "தண்ணீர் எடுத்துத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகும்?" இரண்டாம் சுற்றில் வந்த பதில்களை, கேள்வி கேட்ட ஆள் வாரியாகப் பிரித்துப் பட்டைகளாக நிறுத்தியிருந்தாள். யாரும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் தூக்குவதில்லை. கால் மணி என்பார்கள், அரை மணி என்பார்கள், கோபத்தில் இருந்தால் ஒரு மணி என்பார்கள். ஆகவே ஒவ்வொரு கணக்கெடுப்பாளரின் படத்திலும் பதினைந்தில் ஒரு கோபுரம், முப்பதில் பெரிய கோபுரம், அறுபதில் ஒரு குட்டிக் கோபுரம், நடுவில் வெறுமை. இருபத்திரண்டு பேருக்கும் அச்சில் வார்த்தது போல அதே படம்.

மீதி ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கோபுரமே இல்லை. பதினேழு, இருபத்துமூன்று, பதினொன்று, இருபத்தாறு, பத்தொன்பது என்று எண்கள் பரவிக் கிடந்தன. எந்த எண்ணும் இன்னொன்றைவிட ஓங்கி நிற்கவில்லை. சீப்பு போட்டு வாரிவிட்டது போல இருந்தது.

அதன் அர்த்தம் அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பயன்பாட்டுப் பொருளாதார அளவியல் எடுக்கும் பேராசிரியை முதல் வாரமே சொல்லிவிட்டார்: "வீட்டுக்கே போகாம உக்காந்த இடத்துல நம்பர் போடுறவங்க முழு எண்ணைத் தொடப் பயப்படுவாங்க. முப்பதுன்னு போட்டா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு இருபத்தேழுன்னு போடுவாங்க. அதனால முதல்ல கடைசி இலக்கத்தைப் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அவள் கீழே எழுதியிருந்த குறியீட்டைப் பார்த்தாள். 14.

கோப்பில் யாருடைய பெயரும் கிடையாது, எண்கள் மட்டும்தான். மற்ற மாணவர்களுக்கு அது வெறும் பதினான்கு. அவளுக்கு அப்படி இல்லை. அவள் தங்கியிருந்த வீட்டில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாவி மாட்டும் ஆணியில், நீல நாடா கோத்த அடையாள அட்டை ஒன்று எப்போதும் தொங்கும். அதில் ஒரு புகைப்படம், நிறுவனத்தின் முத்திரை, கீழே தடித்த எழுத்தில் 14. புகைப்படத்தில் இருப்பது அவளுடைய அக்கா.

அவள் ஜன்னலை மூடினாள். சுவரோரத் திரையின் ஜன்னலைத்தான்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. காப்பீட்டு அலுவலகத்தில் ஏழு வருடம் கோப்பு தள்ளிவிட்டு முதுகலைக்கு வந்தவள். இந்தப் பாடத்தில் போன வருடம் தோற்றுவிட்டாள். இந்த முறையும் தோற்றால் படிப்பையே விட்டுவிட வேண்டியதுதான். மூன்றாம் வாய்ப்பு கிடையாது. அதனால் வகுப்பில் அவளுக்கு "ரெண்டாம் சுற்று" என்று பெயர். பாதி மதிப்பெண் ஒரே ஒரு கட்டுரைக்கு. அவளுடைய கட்டுரை இந்தத் தண்ணீர்க் கேள்வியை நம்பித்தான் நின்றது.

விஷயம் இவ்வளவுதான். சில பகுதிகளில் புதிதாகப் பொதுக் குழாய் போட்டார்கள். சில பகுதிகளில் போடவில்லை. போடுவதற்கு முன் ஒரு சுற்று, போட்ட பின் ஒரு சுற்று, இரண்டு முறை கணக்கெடுத்திருந்தார்கள். குழாய் வந்த இடத்தில் நேரம் எவ்வளவு குறைந்தது, வராத இடத்தில் எவ்வளவு குறைந்தது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் குழாயின் பலன் தெரிந்துவிடும். அவளுக்கு வந்த விடை: பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. பக்கத்தில் மூன்று நட்சத்திரக் குறி. தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றால் மென்பொருள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடும், மூன்றுதான் உச்சம். அந்த மூன்றைப் பார்த்த அன்று அவள் கேன்டீனில் பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது பதினான்காம் எண்ணின் வரிகளை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். குழாய் வந்த பகுதிகளில் இரண்டாம் சுற்றில் முந்நூற்று நாற்பது வீடுகள். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குப் போனது பதினான்கு. அவை போனதும் பத்து நிமிடம் ஒரு நிமிடமாயிற்று. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை.

அவளுடைய பையில், தரவு வாங்கியபோது அவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தது. நான்காம் விதி: பொய்யாக நிரப்பப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தால் கணக்கெடுப்பாளரின் எண்ணை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் என்ன ஆகும் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கணக்கெடுப்பாளர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக எடுக்கப்படும் ஒப்பந்த ஆட்கள். அடுத்த மாதம் புதுக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. பட்டியலில் பதினான்கு இருக்காது.

"என்ன ரெண்டாம் சுற்று, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

கேட்டவன் அவளுடைய வகுப்புத் தோழன். வயதில் ஆறேழு வருடம் சின்னவன். கட்டுரையை எடுத்ததும் அட்டவணையில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணிப் பார்ப்பதால் அவனுக்கு "நட்சத்திரம்" என்றே பெயர்.

"கண்ணு வலி" என்றாள்.

"உங்க ஃபைலைக் குடுங்க. திங்கட்கிழமைக்குள்ள நான் குத்தம் கண்டுபிடிக்கணும்."

அதுவும் அந்த வகுப்பின் வழக்கம். கட்டுரை கொடுப்பதற்கு முந்தைய வாரம் குற்றப்பத்திரிகை வாரம். இருவர் இருவராகத் தரவை மாற்றிக்கொள்ள வேண்டும். எதிராளியின் தரவில் ஒரு குற்றமாவது கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும். பேராசிரியை நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னதாக வரலாறு இல்லை. திருப்தியானால் "உக்காருங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பிள்ளைகள் நின்றார்கள்.

"இன்னும் சுத்தம் பண்ணல. நாளைக்குத் தரேன்."

"நேத்தும் நாளைக்குன்னீங்க." நட்சத்திரம் கண்ணைச் சுருக்கினான். "உங்க ரிசல்ட் மேல எனக்கு ஒரு டவுட்டும் இல்ல. அதான் டவுட்டா இருக்கு."

அவள் குறிப்பேட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வீடு இரண்டாவது மாடியில். முன்னறை, சமையலறை, அக்காவும் மாமாவும் இருக்கும் அறை, பால்கனியை அடைத்து அவளுக்கென்று தடுத்துக் கொடுத்த ஒரு சின்ன அறை. அதற்கு அவளிடம் வாடகை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாமா லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் ஏணி சறுக்கிக் குதிகால் எலும்பு உடைந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார்.

அந்த இரண்டு மாதம் எந்த இரண்டு மாதம் என்று படியேறும்போது அவள் கணக்குப் போட்டாள். இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பு நடந்த அதே இரண்டு மாதம்.

ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த நாட்களில் மதியம் ஒரு மணிக்கெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். மாமாவைக் கால் பயிற்சிக்காக மருத்துவமனைக்குக் கூட்டிப் போவாள். வந்து, சாப்பாட்டு மேசையில் படிவக் கட்டை விரித்துவைத்துக்கொண்டு பேனாவால் வரிசையாக நிரப்புவாள். இதைத் தங்கையே பார்த்திருக்கிறாள். அப்போது அது ஏதோ அலுவலக வேலை என்று தோன்றியது. படிவத்தை வீடுகளில் அல்லவா நிரப்ப வேண்டும்?

கதவருகே அட்டை தொங்கியது. அவள் அதை நேராகப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினாள்.

"சீக்கிரம் வந்துட்ட" என்றாள் அக்கா. அவள் மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏசி ஓடல." பிறகு, பேச்சோடு பேச்சாக இருக்கட்டும் என்று, "ஏன்க்கா, ஒரு நாளைக்கு எத்தனை வீடு போவ?"

"எதுக்கு?"

"சும்மா. கிளாஸ்ல பேச்சு வந்துச்சு."

"அஞ்சு, ஆறு."

"எட்டு போக முடியாதா?"

"முடியும். பொய் சொன்னா முடியும்." அக்கா ஒரு சட்டையை உதறினாள். "உன் நீலச் சட்டையில பட்டன் இல்ல. தைச்சு வச்சிருக்கேன்."

தவறு செய்கிறவர்கள் அதைத் தாங்களே முந்திக்கொண்டு பேச்சில் கொண்டுவருவார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். அதே மூச்சில், ஒன்றும் செய்யாதவர்களும் அப்படித்தான் பேசுவார்கள் என்றும் தோன்றியது. இந்தப் படிப்பு வந்ததிலிருந்து அவளுக்கு இதே வியாதிதான். எதைப் பார்த்தாலும் அதற்கு இரண்டு காரணம் தெரிந்தது.

உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "இன்னைக்கு உன் தங்கச்சி ஒரு மாதிரியா இருக்கா. போலீஸ்ல சேர்ந்துட்டாளா?"

"படிப்பு முத்திப்போச்சு" என்றாள் அக்கா.

மறுநாள் நட்சத்திரத்திடம் கோப்பைக் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க வழியில்லை. கொடுக்கும்போது, வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டாள்: "ஒருத்தரோட ரிசல்ட் முழுக்க ஒரே ஒரு கணக்கெடுப்பாளரால வருதுன்னு வை. அந்த ஆளோட நம்பர் கொஞ்சம் விசித்திரமா இருக்கு. என்ன பண்ணுவ?"

"ஸ்டார் இருக்கா?"

"மூணு."

"அப்புறம் என்ன? அந்தப் படத்தை வரையாதீங்க. வரையாத படத்தை யாரு கேப்பாங்க?" சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினான். "யாரோட பேப்பர்?"

"யாரோடதும் இல்ல."

அவன் கோப்பின் பெயரை ஒரு முறை, அவள் முகத்தை ஒரு முறை பார்த்தான். "நான் ஆள் வாரியா வரைஞ்சு பாக்கத்தான் போறேன். முன்னாடியே சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலை அக்கா மாமாவின் காலைக் காட்ட மருத்துவரிடம் போனாள். தங்கை வீட்டில் தனியாக இருந்தாள். நாற்காலியைப் போட்டு ஏறிப் பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நிரப்பாத படிவங்களா, நிரப்பிப் பழகிய தாளா? பெட்டிக்குள் பழைய மின்கட்டண ரசீதுகள், மாமாவின் எக்ஸ்ரே, பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேடு. முப்பத்தொன்றாம் கேள்விக்கு எதிரில் கையேட்டில் அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி: "எல்லாம் 30 வரக் கூடாது."

அவள் அதை மூன்று முறை படித்தாள். இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா?

"சாவியை மறந்துட்டுப் போயிட்டேன்" என்று வாசலில் குரல் கேட்டது.

அக்கா உள்ளே வந்து நின்றாள். தரையில் பரவிக் கிடந்ததையும் நாற்காலியையும் தங்கையின் கையில் இருந்த கையேட்டையும் பார்த்தாள். கீழே ஆட்டோவில் மாமா காத்திருந்தார். அக்கா ஆட்டோவைப் போகச் சொல்லவில்லை. நாற்காலியை நேராக்கி அதில் உட்கார்ந்தாள்.

"கேளு. மூணு நாளா சுத்தி சுத்தி வர. நேரா கேளு."

"குழாய்ப் பகுதி வீடுகளுக்கு நிஜமாப் போனியா?"

அக்கா முகத்தில் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் தேவலாம்.

"ஏன் போகலன்னு தோணுச்சு?"

அவள் படத்தைப் பற்றிச் சொன்னாள். கோபுரங்கள், பதினேழு, இருபத்துமூன்று. மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தது. மேசையில் பேனா. கையேட்டில் அந்த வரி. சொல்லச் சொல்ல எல்லாம் நீதிமன்றத்தில் போல அழகாகக் கோத்துக்கொண்டு வந்தது. அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"முதல் சுற்றுல எனக்கு எல்லாம் முப்பதுன்னுதான் வந்துச்சு" என்றாள் அக்கா. "என்ன கேட்டாலும் அரை மணி. தண்ணி பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் அரை மணி, தெருக்கோடியில இருக்கிறவளும் அரை மணி. சூப்பர்வைசர் எல்லாரும் இருக்கும்போது என் கட்டைத் தூக்கிக் காட்டினாரு. 'என்னம்மா, எல்லாம் முப்பது, வீட்டுல உக்காந்து போட்டியா'ன்னாரு. அன்னைக்கு எழுதினது அந்த வரி."

"அதனால?"

"அதனால ரெண்டாவது தடவை கூடவே நடந்தேன். கேனைத் தூக்கிட்டுக் கிளம்பும்போது மணி பாத்தேன், திரும்பி வந்ததும் மணி பாத்தேன். அங்கங்கேயே நோட்டுல குறிச்சேன். வீட்டுக்கு வந்து கழிச்சுப் பாத்துப் படிவத்துல எழுதினேன். அதைத்தான் நீ பாத்த."

"ஒரு மணிக்கே வந்துடுவியே?"

"நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன்னு தெரியுமா உனக்கு? ஜனங்க தண்ணி எடுக்கிறது காலையில. அஞ்சரைக்குக் கிளம்பிடுவேன். நீ போர்வையை விட்டு எழுந்திருக்கும்போது நான் மூணு வீடு முடிச்சிருப்பேன்."

அது உண்மை. வந்ததைத்தான் அவள் பார்த்திருந்தாள்; போனதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"முப்பதுன்னு எழுதினா அவங்க சந்தேகப்பட்டாங்க. முப்பது இல்லன்னு நீ சந்தேகப்படுற" என்றாள் அக்கா. "நான் எதைத்தான் எழுதறது, சொல்லு."

சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்று சின்ன நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். பரணில் தேடியவளுக்கு எதிரே, தினமும் கை நீட்டும் இடத்தில்தான் அவை இருந்திருக்கின்றன. சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நோட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு வீடுகள். வீட்டு எண், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், ஓரத்தில் "சொன்னது: 30". சில இடங்களில் சின்னக் குறிப்புகள்: "வரிசையில் சண்டை, 6 நிமிடம்." "கேன் ஓட்டை." மூன்றாம் நோட்டு மழையில் நனைந்து பாதி அழிந்திருந்தது.

அவள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. ஒரே பேனா மாதிரி இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. நேற்று மாலை உட்கார்ந்து எழுதியிருக்க முடியாதா என்று அடுத்து. மழையில் நனைந்த நோட்டைச் செய்ய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இப்படி யோசித்த தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் முதல் பக்கத்து முதல் வீட்டு எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் எழுந்தபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். எங்கே என்று கேட்கவில்லை.

பேருந்து மாறி, ஒரு மேம்பாலத்துக்கு அடியில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தாள். தகரக் கூரை வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நோட்டில் இருந்த எண்ணைக் கதவில் சுண்ணாம்பால் எழுதியிருந்தார்கள். தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவள் தொழிலும் அதுதான், தையல்காரி.

"தண்ணி பத்தி ஒரு விஷயம் கேக்கணும். எடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி" என்றாள் தையல்காரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இப்ப போவீங்களா? நானும் கூட வரலாமா?"

தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் இது ஒரு பொழுதுபோக்கா? போன வருஷமும் ஒரு அம்மா இப்படித்தான். கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே கூட வந்துச்சு. நான் வேகமா நடந்தா, 'வழக்கம்போல நடங்கம்மா, நான் வந்திருக்கேன்னு ஓடாதீங்க'ன்னு சொல்லுச்சு."

"அவங்க எப்படி இருந்தாங்க?"

"உன் மூக்கு மாதிரியே மூக்கு. வரும்போது ஒரு கேனை வாங்கித் தூக்கிக்கிச்சு. பாதி வழியில என்ன நினைச்சுச்சோ, 'நான் தூக்கினா நேரம் மாறிடும்'னு திருப்பிக் கையில குடுத்துடுச்சு. அந்த மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல."

இருவரும் போய்த் திரும்பினார்கள். வரிசையில் எட்டுப் பேர். அவள் கைப்பேசியைப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடம். நோட்டில் இருபத்துமூன்று.

வீட்டுக்கு வந்தபோது அக்கா மேசையில் உட்கார்ந்திருந்தாள். நோட்டுகள் எதிரே.

"போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தனை?"

"இருபத்திரண்டு."

"நீ வேகமா நடந்திருப்ப." அக்கா நோட்டை அவள் பக்கம் தள்ளினாள். "வீடுகளுக்குப் போகக் கூடாதுன்னு உன் ஒப்பந்தத்துல இருக்கில்ல? எங்களுக்கும் அதே தாளைத்தான் குடுப்பாங்க. எனக்குத் தெரியும்."

"இருக்கு. ஏழாம் விதி."

"பொருத்தமான குடும்பம்" என்றார் மாமா, காலை ஸ்டூலில் நீட்டியபடி. "ரெண்டும் விதியை மீறிட்டுத் தண்ணி எடுக்கப் போயிருக்கு."

அவள் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, இரண்டு நாளாக மனதில் ஓடியதைச் சொன்னாள். பத்து நிமிடம் குறைந்தது குழாயால் அல்ல. முதல் சுற்றில் எல்லோரும் கேட்டு எழுதினார்கள். இரண்டாம் சுற்றில், குழாய் வந்த இடத்தில் மட்டும், ஒருத்தி கடிகாரத்தால் எழுதினாள். ஜனங்கள் சொல்லும் அரை மணி கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. மூன்று நட்சத்திரமும் அக்காவின் கைக்கடிகாரத்துக்குக் கிடைத்தவை.

"அப்போ குழாயால பிரயோஜனம் இல்லையா?"

"தெரியாது. இந்தக் கேள்வியை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அதைச் சொன்னா பாஸ் போடுவாங்களா?"

"தெரியாது."

அக்கா விரலால் நோட்டின் நனைந்த ஓரத்தைத் தட்டினாள். "என் நம்பரைப் பத்திப் பேசாம இருந்தா உனக்கு மார்க்கு வரும். நான் பொய் எழுதினேன்னு போட்டா எனக்கு வேலை போகும், நீ நல்லவளாயிடுவ. இப்ப மூணாவதா ஒண்ணு சொல்ற. இதுல ரெண்டு பேருக்கும் அடி விழும். கையேட்டுல கேக்கத்தான் சொல்லியிருக்கு, நடக்கச் சொல்லல."

"நீ வேண்டாம்னா போடல."

"போடலன்னா?"

"அந்தப் பையன் நாளைக்கு வாசிப்பான். அவன் வரைஞ்சிருப்பான். அவனுக்கு நீ வெறும் பதினாலு."

அக்கா மூன்று நோட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "எழுது" என்றாள். "ஆனா 'சந்தேகத்துக்குரிய'ன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. 'கடிகாரத்தால் அளந்தார்'னு எழுது. 'விதியை மீறி'ன்னு வேணும்னா போட்டுக்கோ. அது நிஜம்."

திங்கட்கிழமை நட்சத்திரம் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தான். அவனுக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "பதினாலாம் எண் கணக்கெடுப்பாளர் இரண்டாம் சுற்றில் நேரில் போகாமல் நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அவரை நீக்கினால் முடிவு நிற்கவில்லை."

வகுப்பு திரும்பி அவளைப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள். பட்டைப் படத்தைத் தானே திரையில் போட்டாள். முதல் இரண்டு நோட்டுகளிலிருந்து, ஒரே வீட்டுக்கு 'சொன்னது' ஒரு பக்கம், 'அளந்தது' ஒரு பக்கம் என்று நூற்று நாற்பத்தாறு வீடுகளை எடுத்துக் காட்டினாள். 'சொன்னது' பக்கத்தில் அதே பழைய கோபுரங்கள் நின்றன. அதை மட்டும் வைத்து மறுபடி ஓட்டிய அட்டவணையைக் கடைசியாகப் போட்டாள். ஒரு நிமிடம். நட்சத்திரம் இல்லை.

"இந்த நோட்டு உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்றார் பேராசிரியை.

"பதினாலாம் எண் என் அக்கா."

யாரோ ஒருவரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்போ இந்த நோட்டை நாங்க ஏன் நம்பணும்?"

"நானும் நம்பல. ஒரு வீட்டுக்குப் போய் நடந்து பாத்தேன். அது ஏழாம் விதிப்படி தப்பு. முதல் பக்கத்துல எழுதியிருக்கேன். அக்கான்னும் எழுதியிருக்கேன். நீங்க வேற பத்து வீட்டை எடுத்து நிறுவனத்தை விட்டுச் சரிபாக்கச் சொல்லலாம்."

பேராசிரியை கட்டுரையின் முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு அடுத்த பக்கம். அடுத்த பக்கம். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள். அவளுக்குக் கால் மரத்துப்போயிற்று.

"இதை நிறுவனத்துக்கு அனுப்பணும். தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"சரி" என்றார். "உக்காருங்க."

அவள் உட்காரும்போது நட்சத்திரம் பக்கத்தில் குனிந்து, "அக்கான்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொல்லியிருந்தா படம் வரைஞ்சிருக்க மாட்ட."

அவன் யோசித்துப் பார்த்தான். மறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து நிறுவனத்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் காலையில் மூன்று நோட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். பால்கனி அறையில் திறந்து வைத்த புத்தகத்தில் தங்கை மதியம்வரை ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஒரே செய்தித்தாளை.

இரண்டு மணிக்கு அக்கா வந்தாள். அட்டை கழுத்தில் இருந்தது. கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"என்ன சொன்னாங்க?"

"கேக்கச் சொன்னா கேக்கணுமாம், நடக்கக் கூடாதாம். எழுதி வாங்கிக்கிட்டாங்க. நோட்டை வச்சுக்கிட்டாங்க. அடுத்த சுற்று முழுக்க நான் போற பத்து வீட்டுல ஒரு வீட்டுக்கு ஃபோன் பண்ணி, 'இந்த அம்மா வந்தாங்களா'ன்னு கேப்பாங்களாம்."

"வேலை?"

"அதான் சொல்றேனே. அடுத்த சுற்றுன்னு." அக்கா குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். "பத்துல ஒண்ணுதான். உன்னைவிடக் கம்மியாத்தான் சந்தேகப்படுறாங்க."

தங்கை நீலச் சட்டையின் புதுப் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றாள். மற்ற நான்கும் வெள்ளை நூலில் இருந்தன. இது மட்டும் கறுப்பு நூலில், அதிகப்படியாக இரண்டு சுற்று போட்டுத் தைத்திருந்தது.

அக்கா பையை உதறி எடுத்துக்கொண்டாள். "கடைக்குப் போயிட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன்."

"அஞ்சு நிமிஷமாம்" என்றார் மாமா தங்கையைப் பார்த்து. "குறிச்சுக்கோ."

"அவ குறிப்பா" என்று படியிறங்கிக்கொண்டே சொன்னாள் அக்கா.

தங்கை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது அவளுக்குத் தெரிந்திருந்தது: பதினெட்டு நிமிடம்.